கொரில்லாவுக்கு முன்னால நிண்டவர்

லண்டனில, சட்டன் பக்கம் தெரிஞ்ச ஆக்களின்ரை பிறந்தநாள் வீடு. மட்டன் ரோல்ஸைக் கையில வைச்சுக்கொண்டு என்ரை மனிசி கதை சொல்லத் தொடங்கினா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அதே கதைதான். உகண்டாக் காட்டில கொரில்லா பாய்ஞ்சு வந்த கதை.

"இவர் என்னைப் பின்னால விட்டிட்டு முன்னால வந்து நிண்டவர். அசையேல்லை!" எண்டா.

"அண்ணை, நீங்கள் பெரிய ஆள்தான்!" எண்டு ஒருத்தன் முதுகில தட்டினான். நான் ஈயெண்டு இளிச்சன். வேற என்ன செய்ய?

நடந்ததை நான் சொல்லுறன். எங்கட கலியாண நாளுக்கு மகள் அனுப்பிவைச்ச பயணம் அது. விடிய வெளிக்கிட்டு, சேறும் முள்ளுமாய் மலையில ஏறினம். மனிசி பேசாமல் ஏறினா. மூச்சு வாங்கினது எனக்கு. ஆனால் வழிமுழுக்க வாய் காட்டினதும் நான்தான்: "உமக்கு ஏலாது, மெல்ல வாரும், என்ரை கையைப் பிடியும்." பெரிய எடுப்பு! கொரில்லா பாய்ஞ்சு வந்தால் ஓடாதேங்கோ, கண்ணைப் பாக்காதேங்கோ, நிண்ட இடத்திலேயே குந்துங்கோ எண்டு வழிகாட்டி சொன்னான். முதல் தலையாட்டினதும் நான்தான்.

மத்தியானம்போல ஒரு குடும்பத்தைக் கண்டம். தாயின்ரை மடியில இருந்த குட்டி எங்களைப் பாத்து நெஞ்சில தட்டிச்சுது. ஐயோ, என்ன வடிவு! அந்த நேரம் பார்த்துப் பத்தை முறிஞ்சுது. முதுகு நரைச்ச ஆண் ஒண்டு தாய்க்கும் குட்டிக்கும் முன்னால வந்து, உறுமிக்கொண்டு எங்களை நோக்கிப் பாய்ஞ்சுது.

எல்லாரும் குந்திட்டினம். நான் மனிசியின்ரை தோளை இரண்டு கையாலயும் பிடிச்சு அவவுக்குப் பின்னால ஒளிச்சன். ஒளிச்சது மட்டுமே? பதறின பதறலில அவவை முன்னுக்குத் தள்ளியும் விட்டிட்டன். அவ கல்லில முழங்கால் அடிபட விழுந்தா. கொரில்லா கிட்ட வந்து நிண்டு பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டுது.

சீ, நானும் ஒரு ஆம்பிளையே எண்டு போச்சு. மலையால இறங்கேக்கை அவவின்ரை முகத்தைப் பாக்கேல்லை. பிளேனில நித்திரை மாதிரிக் கிடந்தன். லண்டனுக்கு வந்தாப்பிறகுதான் அவ இந்தக் கதையைக் கட்டத் தொடங்கினா. எங்கட பொம்பிளையள் நாலுபேருக்கு முன்னால புருசனை விட்டுக்குடுக்கமாட்டினம், அது தெரியும். ஆனால் அவ என்னைப் புழுகப் புழுக, எனக்குக் கன்னத்தில அறை விழுற மாதிரி இருக்கும்.

அண்டைக்கு வீட்டை வர எண்டு காருக்குள்ள ஏறினவுடனை கேட்டுப்போட்டன். "இஞ்சேரப்பா, ஏன் உந்தப் பொய்? இனிச் சொல்லாதையும். வெக்கத்தில செத்துப்போறன்."

அவ சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டா. கோவமில்லாமல்தான் சொன்னா.

"நீங்கள் பயந்தது எனக்குப் பெரிசில்லை. அந்தப் பெரிய மிருகத்துக்கு ஆர்தான் பயப்பிடாயினம்? ஆனால் இண்டுவரைக்கும் 'உமக்கு நொந்ததோ' எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? இப்பவும் உங்கட வெக்கத்தைத்தானே சொல்லுறியள்."

அந்தப் பயணத்துக்குப் பிறகு அவ வீட்டுப் படியை ஒவ்வொண்டாய்க் கம்பியைப் பிடிச்சுத்தான் இறங்கிறவ. குளிருக்குக் கால் பிடிக்குதாக்கும் எண்டு நான் இருந்திட்டன்.