ஒரு பக்கம் கனத்த மிட்டாய்ப் பெட்டி

கோவில்பட்டி கூரியர் கடையில் இருந்த அந்த மெலிந்த மனிதர், எந்தப் பார்சலையும் தராசில் வைக்குமுன் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். டெல்லியில் இருக்கும் என் மகளுக்காகக் கொண்டுபோன கடலை மிட்டாய்ப் பெட்டியையும் அப்படித்தான் ஏந்தினார்.

"மிட்டாய் ஒரு பக்கமாவா கனக்கும்? உள்ள என்ன வச்சிருக்கீய?"

"ஒரு பவர் பேங்க். சின்னதுதான்."

பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இது விமானத்துல போற சரக்கு. பேட்டரிய ஒளிச்சு அனுப்பக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. தீப்பெட்டி ஊர்க்காரருக்கு இது தெரியாண்டாமா? லாரி தீப்பிடிச்சா டிரைவர் குதிச்சிருவான். மேல பறக்குதவிய எங்கன குதிப்பாவ?"

நாலு பேர் முன்னால் எனக்குச் சட்டம் சொல்கிறாராம்! ஆத்திரத்தோடு அடுத்த தெருக் கடைக்குப் போய், உள்ளே இருப்பதைச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் சிரித்தார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, மிட்டாய்னே எழுதிருதேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். பெட்டியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பொங்கலுக்கு விமானத்தில் வருவதாக மகள் போன் செய்தாள். அவள் காலுக்குக் கீழே எவன் அனுப்பிய மிட்டாய்ப் பெட்டி கிடக்குமோ? சிரித்தவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. தலையாட்டியவன் மேல் அதைவிட.

அந்த மனிதர் அன்று என்னைத் திட்டியது போதாது.