சரோஜா பிழிந்த இரண்டாம் சாறு

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு நீங்கள் மூன்று பேரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். விடிந்ததும் சரோஜாவின் தம்பி தோட்டத்தில் உங்கள் கீழ் டிவிசனுக்குச் சாவு சொல்ல வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆம், நம் சரோஜா போய்விட்டாள். மத்தியானம் வரை என்னோடு நின்று செம்பருத்திப் பூ பிழிந்தவள், "நெஞ்சு என்னமோ பண்ணுது, கொஞ்சம் படுத்துட்டு வர்றேன்" என்று தன் லயத்து வீட்டுக்குப் போனாள். பொழுது சாயும்போது தம்பி அழுதுகொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பெல்மதுளை தாண்டுவதற்குள் த்ரீவீல் வண்டியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

கொடகவெல கடைக்குச் சர்பத் கொடுக்கலாம் என்று நாம் ஐந்து பேரும் முதன்முதலாகக் காய்ந்த பூவில் சாறு எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தோம். திறந்து பார்த்தால் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. "தேயிலைக்காரிங்க புத்தி! காஞ்சது எதப் பாத்தாலும் டீ ஊத்திருவோம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் சரோஜா. அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினோம்.

பிழிந்த பூவில் மறுபடி தண்ணீர் விட்டு எடுத்த வெளிறிய சாற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த நாள் சரோஜா புதுப் பூவை அதிலேயே ஊறவைக்கப் போனாள். கெட்டுப்போகும் என்று நான் தடுத்தேன். "நீ பயப்படாத நாளே கெடையாதுடி. தேங்காயில ரெண்டாம் பால வீசிருவியா?" என்றாள். அன்று புளிப்புத் தேசிக்காய் பிழிந்ததும் திரண்டு வந்த சிவப்பைப் பார்த்து, "ஹரி! சரியா வந்திருச்சு!" என்று பாதிச் சிங்களத்தில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அது முதல் ஒவ்வொரு நாள் பூவும் முந்தின நாள் சாற்றில்தான் ஊறிவருகிறது.

அவள் இன்று பிழிந்த இரண்டாம் சாறு இதோ, பீலியில் விழும் மலைத் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் சட்டியில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. "சாவு விழுந்த நாள் தண்ணிம்மா. கைப்புள்ளைக்காரி நீ. கொட்டிரு" என்கிறார் மாமியார். கொட்டினால், முதல் நாளிலிருந்து ஒரு சாற்றிலிருந்து மறு சாறாக வந்த தொடர் அவளோடு அறுந்துவிடும். கொட்டாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். நாளை வெயில் ஏறினால் அது தானாகவே புளித்துவிடும். இதுவரை இரண்டு தரம் எழுந்து போய் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். புளிக்கவில்லை.

அவளுடைய அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். சட்டி நம் எல்லோருக்கும் உரியது. நான் ஒருத்தி முடிவெடுக்க மாட்டேன். புதுப் பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போடவா, கொட்டவா? தம்பி திரும்பும்போதே பதில் சொல்லி அனுப்புங்கள்.