வெல்டர் செய்து கொடுத்த கதவு

வெல்டருக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. அன்றைக்கு மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆகவே மகளுக்கு அன்று முழுக்க அப்பாதான். எட்டு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடமாகிறது. பேச்சு கொஞ்சம்தான் வரும். சத்தம் என்றால் உயிரே போய்விடும்.

வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருந்த ப்ளே ஏரியா அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த தொட்டியில் கழுத்துவரை புதைந்து கண்ணை மூடிக்கொள்வாள். கூட்டம் சேருவதற்குள் போய்வரலாம் என்று அவர் வளாகம் திறந்ததுமே கூட்டிப் போவார். அங்கே வாசல் கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கவுன்டரில் இருந்த பெண்ணும் தவறாமல் தலையாட்டுவாள்.

ஒரு ஞாயிறு யாருக்கோ பிறந்தநாள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஸ்பீக்கர் அலறியது, பலூன்கள் வெடித்தன. அவர் தொட்டியருகே போவதற்குள் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். வளாகத்தின் பின்பக்கம், சரக்கு இறக்கும் இடத்தில் கிடைத்தாள். பின்னோக்கி வந்துகொண்டிருந்த லாரியைக் கிளீனர் கத்தி நிறுத்தியிருந்தான். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அவளருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ப்ளே ஏரியா மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். "குழந்தைய நீங்கதான் சார் பாத்துக்கணும்" என்றார்.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கதவு பாத்துக்கலையே."

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். அதுக்குள்ள எங்க கையில என்ன இருக்கு?"

"என் கையில இருக்கு. நான் பண்ணித் தர்றேன். எதுவும் குடுக்க வேணாம்."

அந்த வாரம் பட்டறை வேலை முடிந்த பிறகு அந்தக் கதவைச் செய்தார். தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங். பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். விரல் நசுங்காதபடி ஓரத்தில் இடைவெளி, மோதினால் சத்தம் வராமலிருக்கச் சட்டத்தைச் சுற்றி ரப்பர். மேனேஜர் திறந்தும் மூடியும் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது சார்" என்றார்.

அடுத்த ஞாயிறு மகளோடு போனபோது மேனேஜரே வாசலுக்கு வந்தார். கதவைத் திறக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. மத்த பேரண்ட்ஸ் பயப்படுறாங்க. இந்த மாதிரி குழந்தைங்கள இனிமே உள்ள விட வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. பாப்பாவோட பாதுகாப்புக்குத்தான்."

"அதுக்குத்தானேங்க கதவு போட்டேன்?"

"புரியுது சார்."

மகள் கம்பிகளைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. நல்ல வேலை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படி முழுக்க "பந்து, பந்து" என்றாள். அவர் மணிக்கட்டில் கடித்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வேலையிலிருந்து வந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். "கதவப் பேத்து எடுத்துட்டு வந்திருக்க வேண்டியதுதானே" என்றாள்.

"உள்ள பிள்ளைங்க இருந்துச்சு."

"அந்தப் பிள்ளைங்களப் பெத்தவங்கதானே நம்ம பிள்ளைய வேணாம்னாங்க?"

அவர் வீட்டிலேயே ஒரு தொட்டியில் பந்துகளை நிரப்பி வைத்தார். மகள் ஒருமுறை கையை விட்டுத் துழாவிவிட்டு எழுந்து போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

சில மாதம் கழித்து மேனேஜர் ஃபோனில் கூப்பிட்டார். ஊரின் இன்னொரு பக்கம் புதுக் கிளை திறக்கிறார்களாம். அதே மாதிரி கதவு வேண்டுமாம். இந்த முறை காசு கொடுப்பார்களாம்.

"செஞ்சு தர்றேன்" என்றார் வெல்டர். "ஞாயித்துக்கிழம காலைல ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் போடாம, எங்க பாப்பா மாதிரி பிள்ளைங்கள உள்ள விடுங்க. அது போதும்."

"நல்ல யோசனைதான் சார். மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

வேலை முடிந்து வந்ததும், "ஃபோன் வந்துச்சா?" என்று மனைவி கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை.