கண்ணை மூடி அண்ணி செய்த ஜெபம்

எங்கள் அண்ணிக்கு யாரையும் திட்டத் தெரியாது. திட்டத் தெரிந்தவளாக இருந்தால் அந்த மனிதரை நடுவீதியில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அவரும் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அண்ணியிடம் மாட்டியதால் இன்றுவரை மாட்டிக்கொண்டே இருக்கிறார். அதில் எனக்குச் சந்தோஷம். வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணியும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் எனக்கு அண்ணி. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இருபத்திரண்டு வருஷமாக மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கையில் தாள் இருக்கும். தாளில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள், கண்ணெதிரே வந்து நின்ற வண்டியைத் தாளில் இல்லாமலே அறிவித்துவிட்டாள். ஐம்பது பேர் முண்டியடித்து ஏறினார்கள். அது பணிமனைக்குப் போகிற வண்டி! அன்றைக்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான், அப்புறம் தாளைத் தாண்டி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அந்தக் குரலுக்காகத்தான் சபையில் வியாதிக்காரர்களின் ஜெபப் பட்டியலைப் படிக்கிற பொறுப்பு அவளுக்கு வந்தது. வாரம் முழுக்க வருகிற பெயர்களை அண்ணி எழுதிக் கொடுப்பாள். சபைச் செயலர் அதைத் தட்டச்சு செய்து ஞாயிறு காலை அவள் கையில் தருவார். இந்தச் செயலருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'ஒழுங்கு'. வாயைத் திறந்தால் "எல்லாம் ஒழுங்கா நடக்கணும்" என்பார். நாற்காலி ஒரு சாண் தள்ளிக் கிடந்தால் ஆளையே தள்ளிவைத்த மாதிரி முகம் போகும்.

ஊரையே முடக்கிய அந்தத் தொற்றுநோய் வந்தது. சபைக் கதவைப் பூட்டினார்கள். ஆராதனை கைப்பேசி வழியாகப் போனது. காலி பெஞ்சுகளுக்கு முன்னால் ஆயர் நிற்பார், பக்கத்தில் அண்ணி. நாற்காலிமேல் நாலு பாட்டுப் புத்தகத்தை அடுக்கி அதில் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வது என் வேலை.

மற்ற சபைகளெல்லாம் பாடகர் குழுவைப் பாடவைத்து வீடியோ போட, ஒழுங்குக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினான்கு பேரைப் பாடகர் அறைக்கு வரச்சொன்னார். என் அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், சபையில் கீபோர்டு வாசிப்பவர். அவரும் போனார். தெருச் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார் ஒழுங்கு. காற்றாடி உர்ரென்கிறது என்று அதையும் நிறுத்தினார். வாயை மறைத்துக்கொண்டு பாடினால் சொல் தெளிவாக இல்லையென்று முகக்கவசத்தையும் கழற்றவைத்தார். இரண்டரை மணி நேரம். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒழுங்குக்குக் காய்ச்சல். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நின்றிருக்கிறார். மாத்திரை விற்ற மருந்துக்கடைக்காரர் எங்கள் சபைதான். பின்னால் அவர் என்னிடம் சொல்லி அழுதார்.

பதினான்கு பேரில் ஐந்து பேர் படுத்தார்கள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார், பார்க்க யாரையும் விடவில்லை. சனிக்கிழமை அண்ணி பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறன்று படித்தாள். பதினாறு பெயர். கடைசிப் பெயரை முடித்துத் தாளைத் திருப்பினாள், பின்பக்கம் வெள்ளை. மறுபடி முன்பக்கம் பார்த்தாள். அண்ணன் பெயர் இல்லை. போன் வழியாக நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் லேசாகத் திறந்தது, மூடிக்கொண்டது. தாளில் இல்லை, சொல்லவில்லை. "ஆமென்" என்று முடித்தாள்.

அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"என்ன, என் பேரு வரலையே? ரெண்டு தடவை கேட்டேன்."

"அடுத்த வாரம் படிக்கிறேங்க," என்றாள் அண்ணி.

"சரி, மறந்துடாதே."

வியாழக்கிழமை போய்விட்டார். அன்று அந்த அறையில் கூடப் பாடிய, உச்சக்குரல் டீச்சர் அதற்கு முந்தின நாள். அண்ணனை அடக்கம் செய்யும்போது ஆயர் போனில் ஜெபித்தார், பாதியில் சிக்னல் போனது. ஒழுங்குக்கு மட்டும் நாலு நாள் இருமல், அப்புறம் கல்லுக்குண்டு மாதிரி நடமாடினார்.

அண்ணி அவரிடம் நேரே போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"எழுதிக் குடுத்த பேரை ஏங்க எடுத்தீங்க?"

"சபைக்குக் கெட்ட பேரு வந்துடும் பாருங்கம்மா. பாட வந்த எடத்துல ஒட்டிக்கிச்சுன்னு நாலு பேரு பேசுவான். அவருக்கு அச்சகத்துல வந்திருக்கும். நாம பேரு சொன்னாத்தான் கடவுளுக்குத் தெரியுமா என்ன?"

அண்ணி திரும்பி நடந்தாள். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு அண்ணி சொன்னாள், "அவன் எடுத்தான். நான் வாயை மூடிக்கிட்டேன். என் புருஷன் பேரு எனக்கு மனப்பாடமா தெரியாதாடி? அதுக்கும் ஒரு தாளு வேணுமா?" அப்போதுதான் அழுதாள்.

பதினோரு மாதம் கழித்து நோய் இரண்டாம் முறை வந்தது. இந்தத் தடவை ஒழுங்கு சிக்கினார். அண்ணன் கிடந்த அதே ஆஸ்பத்திரி. ஒழுங்கின் மனைவி அண்ணிக்குப் போன் செய்தார். "அக்கா, இவர் பேரை மொதல்ல படிங்க. படுக்கையில போனை வச்சுக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாரு."

"விட்டுடு," என்றேன் நான். "பேரு வரலையேன்னு அவனும் கெடந்து தவிக்கட்டும். கடவுளுக்குத்தான் தெரியுமே!"

"படிப்பேன்," என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிறன்று மைக் முன்னால் வந்து நின்றாள். கையில் தாள் இல்லை. "கண்களை மூடி ஜெபிப்போம்," என்றாள். எங்கள் சபையில் ஜெபம் தொடங்கிவிட்டால் ஆமென் வரும்வரை யாரும் குறுக்கே வாய் திறக்கக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் தேட வேண்டும்.

ஒழுங்கின் பெயரை இனிஷியலோடு சொன்னாள். பேருந்து நிலையக் குரல், ஒரு நடுக்கம் இல்லை.

"ஆண்டவரே, இந்த மகனை உமக்குத் தெரியும். சபைக்கும் தெரியும்படி சொல்றேன். போன வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு பத்துக்கு, காய்ச்சலை மறைச்சு, பாடகர் அறையில பதினாலு பேரை நிறுத்தினவர். அஞ்சு ஜன்னலையும் சாத்தினவர். காத்தாடியை நிறுத்தினவர். செத்துப்போன ரெண்டு பேரோட பேரு இது." டீச்சர் பெயரைச் சொன்னாள். அண்ணன் பெயரைச் சொன்னாள், இரண்டு தடவை. "பட்டியல்லேர்ந்து என் புருஷன் பேரை எடுத்தவர். தாளைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்தேன், என்னையும் மன்னியும். இவரைச் சாக விடாதேயும் ஆண்டவரே. நல்ல ஆயுசு குடும். இவ்வளவும் ஊருக்குத் தெரிஞ்ச பிறகு, ரொம்ப காலம் வாழவையும்."

ஆயர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, போனை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெப வேளையில் கண்ணைத் திறப்பது தப்பில்லையா?

ஆமென் என்றாள் அண்ணி. திரையில் ஆமென் ஆமென் என்று வந்து குவிந்தது. அறுபத்தேழு பேர். பாதிப் பேர் பழக்கத்தில் அழுத்தியிருப்பார்கள். அழுத்தியது அழுத்தியதுதான். கமிட்டி கூடியது, ஆயர் வீட்டுக்கு வந்து கெஞ்சினார். அண்ணி ஒன்றுதான் கேட்டாள்: "ஜெபத்துல சொன்னதுல பொய் எதுங்க?"

ஒழுங்கு பிழைத்தார். செயலர் பதவி போனது. சபைக் கதவு திறந்தபோது கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். வாராவாரம் அண்ணி பட்டியலின் முடிவில் அவர் பெயரைச் சொல்லி, அவருக்குக் கிடைத்த சுகத்துக்காக நன்றி சொல்வாள். அடுத்த மூச்சில் அண்ணன் பெயர், டீச்சர் பெயர். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் தலைகள் தூணைப் பார்த்துத் திரும்பும்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆராதனை முடிந்து வாசலில் அவளை மறித்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"எனக்குத்தான் சுகமாயிடுச்சேம்மா. பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்களேன்."

அண்ணி அவரை நின்று பார்த்தாள்.

"பேரை எடுக்கிறது உங்க வேலைங்க," என்றாள். "எனக்குப் படிக்க மட்டுந்தான் தெரியும்."