கம்பெனிக்கு ஓர் ஒப்பாரி

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துச் சாவு வீடுகளுக்கு, இறந்தவர் பெயர் சொல்லி ஒப்பாரி பாடிப் பதிவு செய்து தருபவள் எழிலரசி. அவள் கைக்குப் பழகிய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைக் கம்பெனி நிறுத்திவிட்டது. ‘நீங்கள் எங்கள் குடும்பம்’ என்று மெயில் வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“குடும்பத்துல எழவு வுழுந்தா ஒப்பாரி வெக்க வேணாங்களா?” என்று புருசனிடம் கேட்டாள். மாற்றாக இறக்கிய மூன்று சாஃப்ட்வேரிலும் அந்தக் கம்பெனி பெயரையே சொல்லிச் சபித்து, மாரடித்துப் பாடினாள். இரண்டில், அடி விழும்போதெல்லாம் குரல் பிசிறியது. மூன்றாவதில் ஒவ்வொரு சாபமும் கணீரென்று விழுந்தது. அதையே வாங்கினாள், பாட்டைக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

தமிழ் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார்கள்: ‘அருமையான பதிவு! எதில் செய்தீர்கள்?’

போட்டிக் கம்பெனியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, புருசன் பக்கம் திரும்பினாள்.

“கருமாதிக்கும் இதுலயே பாடி அனுப்பிடலாங்க.”