விழுந்த இமை

மரக்காணம் கண் மையத்தில் ஜெனிதா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கண் பரிசோதனைப் படிப்பில் பட்டம் வாங்கியவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது அவள்தான் முதல். அப்பா இன்னும் உப்பளத்துக்குப் போகிறார். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வது, கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பது, புரை இருந்தால் புதுச்சேரிக்கு அனுப்புவது. இதற்குத்தானா நான்கு வருடம் என்று பஸ்ஸில் வரும்போது நினைப்பாள். யோசித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

அன்று மதியம் மூன்று மணிக்கு, முப்பத்தொன்றாவது ஆளாக உப்பளத்துச் சாலம்மாள் வந்து உட்கார்ந்தாள். வலது கண் மூடியிருந்தது.

"ரெண்டு நாளா தலைவலி பாப்பா. இந்தக் கண்ணுக்குப் பின்னாடி குத்துது. சொட்டு மருந்து குடு, போறேன். நாளைக்கு உப்பு வாரணும்."

"ரெண்டு ரெண்டா தெரியுதாக்கா?"

"ஒண்ணே சரியா தெரியல. இதுல ரெண்டு வேறயா?"

ஜெனிதாவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. வெயில் கூச்சம் என்று நோட்டில் எழுதினாள். வெள்ளைப் பாத்தியில் தெறிக்கும் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் உப்பளத்தில் எல்லோரும் நடப்பார்கள். அவள் அப்பாவும் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கண்ணைத் திறப்பார். வெளியூர்க்காரி யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஏன் மூடியிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள். ஜெனிதாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்த சாலம்மாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். ஜன்னலில் கறுப்புத் திரை. அறை முழுக்க அரையிருட்டு. அந்தக் கண் இன்னும் மூடியே இருந்தது.

"அக்கா, வந்து உக்காருங்க. அந்தக் கண்ணைத் திறங்க."

சாலம்மாளின் புருவம் ஏறியது. இமை ஏறவில்லை.

ஜெனிதா கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்தாள். விழி காதுப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. "தலைய ஆட்டாம என் விரலையே பாருங்க." இடது கண் விரலோடு போனது. வலது கண் மூக்குப் பக்கமும் வரவில்லை, மேலேயும் போகவில்லை.

"இப்ப எத்தினி விரலு?"

"ரெண்டு. நீயும் ரெண்டு பேரா இருக்கியே."

டார்ச் அடித்தாள். இடது கண்ணின் பாப்பா சுருங்கியது. வலது பாப்பா அகன்றபடியே நின்றது. மறுபடி அடித்தாள்.

"உங்க கண்ணுல பாப்பா பெருசாவே இருக்குதுக்கா."

"பெருசாயிட்டா கட்டிக் குடுத்துட வேண்டியதுதான்."

ஜெனிதா டார்ச்சை அணைத்தாள். தலைவலி, விழுந்த இமை, விரிந்த பாப்பா. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். நேரில் பார்த்ததில்லை. தப்பாக இருந்தால்?

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்."

"ஞாயித்துக்கிழமை போறேன்."

"தலைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கி, கண்ணு நரம்ப அழுத்துதோ என்னமோ. அது வெடிச்சுட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. படம் எடுத்தாத்தான் தெரியும்."

சாலம்மாள் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலன்னு வாய் விட்டுச் சொன்ன பாரு, அதான் பயமா இருக்குது. வண்டியக் கூப்பிடு. வெளிய எங்க வூட்டுக்காரர் நிக்கிறாரு, அவர்கிட்டயும் நீயே சொல்லிடு."

பதினோராம் நாள் போன் வந்தது. புருஷன் பச்சமுத்து பேசினார். குழாய் வீங்கித்தான் இருந்ததாம், வெடிப்பதற்குள் அந்த வீக்கத்தை அடைத்துவிட்டார்களாம். இமை இன்னும் ஏறவில்லை. பேசி முடிப்பதற்குள் சாலம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த வருசம் உப்பளத்துப் பக்கமே போகக்கூடாதாம். எல்லாம் உன்னாலதான்."

"ஆமாக்கா" என்றாள் ஜெனிதா. வாசலில் இன்னும் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.