பலாப்பால் ஒட்டிய டைனோசர்

டைனோசர் பொம்மைக்கு விமர்சனம் சொல்கிறேன் என்றால் எங்கள் புதூர்நாட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாரமெல்லாம் ஜாக்கெட் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொம்மையை எடுத்து, ஃபோனில் படம் பிடித்து, நல்லது கெட்டது சொல்லி சேனலில் போடுகிறேன். ஜாக்கெட் அளக்கிற டேப்பில்தான் அதுகளின் வாலையும் அளக்கிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உள்ளதைச் சொன்னால், பார்த்தவர்கள் என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. எங்கள் அண்ணனுக்காக வந்தவர்கள். அண்ணன் ஜீப் ஓட்டுகிறான். திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றிப் போய்வருவான். கூரியர்காரர்கள் மலைக்கு மேலே வருவதில்லை என்பதால் என் பார்சலெல்லாம் அவன் கையால்தான் வரும். ஆரம்பத்தில் "ஒரு பல்லிக்கு இம்மாம் பெரிய டப்பாவா?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். ஒருநாள் நான் ஒரு டி-ரெக்ஸைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அதன் கால் வெயிலில் வளைந்திருந்தது. பின்னாலிருந்து, "இன்னாமா இது, காலையிலயே ஊத்திக்கினு வந்தாப்புல நிக்குது?" என்றான். அதை வெட்டாமல் அப்படியே போட்டேன். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் அண்ணனைத்தான் கேட்டார்கள்.

நான் பொம்மையைப் பொம்மையாகத்தான் பார்ப்பேன். ஒட்டு தெரிகிறதா, பல்லுக்கு அடித்த வெள்ளை உதட்டில் வழிந்திருக்கிறதா, தானாக நிற்கிறதா. அண்ணன் அதை உயிருள்ளதாகவே பேசுவான். மூன்று கொம்பு டைனோசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்மாம் கொம்ப வெச்சிக்கினு இது புதருல எப்பிடி பூரும்? மாட்டிக்காதா?" என்று நிஜமாகவே கவலைப்படுவான். எனக்குச் சிரிப்பு தாங்காமல் ஃபோன் ஆடும்.

மதுரையிலிருந்து ஒருவர் எங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்ப்பார். அவரும் பொம்மை சேர்க்கிறவர்தான். சின்ன வீட்டுக்குக் குடிபோவதால் எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி, எங்களுக்கு ஒன்றை அனுப்பினார். கழுத்து நீண்ட தழை தின்னி. கம்பெனிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எனாமலில் அவரே பச்சை தீட்டியது. கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு ஓடியது. கண்ணில் ஒரு துளி வெள்ளை. அது நம்மையே பார்க்கும். "ஏதாவது ஒரு மரத்துப் பக்கத்துல வெச்சு வீடியோ எடுங்க, எனக்கு அது போதும்" என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் அதை ஜீப்பில் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தான். வழக்கமாக அங்கே உட்காருகிற பெரியவரைப் பின்னால் அனுப்பிவிட்டானாம்.

வீட்டுக்குப் பின்னால் பலா மரம் இருக்கிறது. தழை தின்கிற மாதிரி இருக்கட்டும் என்று அண்ணன்தான் அதை இரண்டு கிளைக்கு நடுவே நிறுத்தினான். அன்று காலையில்தான் அந்தக் கிளையில் ஒரு காய் அறுத்திருந்தோம். காம்பிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அன்றைக்கு மாதிரி அவன் என்றைக்கும் பேசியதில்லை. "மதுரையிலேர்ந்து பஸ்சுல வந்திருக்குது, பாவம், பசிக்கும்" என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னான். முடித்ததும் ஃபோனை சார்ஜில் போட நான் உள்ளே போனேன்.

பலாப்பால் ஒட்டினால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவாள், ஜீப்காரன் டீசலைத் தேடுவான். பொம்மையின் கழுத்திலும் முகத்திலும் பால் ஒட்டியிருந்ததைப் பார்த்து, அண்ணன் துணியை டீசலில் நனைத்துத் தேய்த்துவிட்டான். நான் வந்து பார்த்தபோது பால் சுத்தமாகப் போயிருந்தது. கழுத்துக் கோடுகளும் கண்ணும் அதோடு போயிருந்தன.

"பாலுதான் வருதுன்னு நெனச்சேம்மா. பச்சையா வந்துது. அப்பவும் தேச்சிட்டேன்" என்றான்.

"ஐயோ, அறிவிருக்குதாண்ணா உனக்கு?" என்று கத்தினேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் புதிதில்லை. நான் ஒன்று சொன்னால் அவன் நாலு சொல்வான், டீ போடுவதற்குள் சமாதானமாகிவிடுவோம். அன்றைக்கு அவன் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாளே மதுரைக்காரரைக் கூப்பிட்டேன். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அட விடுங்கம்மா, பொம்மைதானே. மரத்துல நின்னுச்சுல்ல, அது போதும். அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். தங்கமான மனுஷன். ஆனால் அந்த நல்ல வார்த்தைதான் அண்ணனை முழுசாக உடைத்தது. "திட்டியிருந்தாருன்னா கூட பரவால்ல" என்று எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கேமரா முன்னால் வரவில்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். நானே பெயின்ட் வாங்கிக் கண் வரைகிறேன் என்றேன். "வேணாம்மா, வேற மூஞ்சி ஆயிடும்" என்றான். அந்தப் பலா மர வீடியோவைப் போட்டேன். எல்லோரும் கொண்டாடினார்கள். அவன் பார்க்கவே இல்லை. அண்ணன் எங்கே என்று கேட்கிறவர்களுக்குச் சவாரிக்குப் போயிருக்கார் என்று எழுதுகிறேன். இப்போதெல்லாம் நான் ஒட்டு, பெயின்ட், வால் நீளம் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது புதரில் எப்படிப் பூரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பொம்மை போனால் போகட்டும், அந்தக் குரல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. முதுகில் தகடு வைத்த டைனோசர், மலிவான ஒன்று. அண்ணன் வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"உள்ள வாண்ணா. இது ஒண்ண மட்டும் நீ பிரியேன். கேமரா வெக்கல, சத்தியமா."

"கையெல்லாம் டீசலும்மா. நீயே பிரி."

குளித்துவிட்டு வந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் சோப்பு வாசனைதான் வந்தது.